கீமோவுக்கு முன் சினைப்பையைக் காக்கும் ஊசி: எப்போது தொடங்குவது, எத்தனை போடுவது?

கேள்வி: டேகேர் சிஸ்டர்

வணக்கம். கீமோ வார்டில் இருப்பவர்களும் கருத்தரிப்பு மையத்தில் இருப்பவர்களும் பார்த்துப் பதில் சொன்னால் நல்லது.

நோயாளிக்கு 31 வயது. மார்பகப் புற்றுநோய், டிரிபிள் நெகட்டிவ் (ஹார்மோன் ரிசெப்டரும் எச்.இ.ஆர்.2-உம் இல்லாத வகை). திருமணமாகிவிட்டது, குழந்தை இல்லை. அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள் ஆகிறது. 21 நாளுக்கு ஒன்றாக ஏசி (அட்ரியாமைசின், சைக்ளோபாஸ்பமைடு) நான்கு சுற்று, பிறகு வாராவாரம் பேக்ளிடாக்ஸல் 12 என்பது திட்டம். சினைப்பையைக் காக்க, அதைத் தற்காலிகமாக அடக்கி வைக்கும் கோசெரலின் ஊசி 3.6 மி.கி. எழுதியிருக்கிறார்கள். சீட்டில் "முதல் கீமோ அன்று, பிறகு ஒவ்வொரு சுற்றோடும்" என்று இருக்கிறது. இது சரியா? மாதாமாதம் வருவது சிரமம் என்பதால் மூன்று மாத ஊசியாகவே போட்டுவிடலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். இந்த ஊசி போட்டால் கருமுட்டை உறைய வைக்கத் தேவையில்லையா? இன்னொன்று, ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) உள்ள 22 வயதுப் பெண்ணுக்கும் இதே ஊசியைப் போடச் சொல்லி அவர்கள் குடும்பத்தில் கேட்கிறார்கள். அதற்கும் பதில் வேண்டும்.

பதில் 1: ஆன்கோ டாக்டர்

சிஸ்டர், சீட்டில் இருப்பதில் இரண்டு தவறு. ஊசி எழுதியவரிடம் இன்றே பேசிவிடுங்கள்.

முதல் தவறு தேதி. கோசெரலின் உள்ளே போனதும் சினைப்பையை அடக்கிவிடாது. முதல் சில நாள் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரியைத் தூண்டி, சினைப்பையை இயக்கும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஹார்மோன்கள் இரண்டையும் ஏற்றிவிடும். அதன் பிறகுதான் பிட்யூட்டரி ஓய்ந்து, இரண்டு மூன்று வாரத்தில் ஈஸ்ட்ரோஜன் மெனோபாஸ் அளவுக்கு இறங்கும். கீமோ அன்றே போட்டால், சைக்ளோபாஸ்பமைடு ரத்தத்தில் ஓடும் நேரத்தில் சினைப்பை தூண்டப்பட்ட நிலையில் இருக்கும். அதனால்தான் முக்கிய ஆய்வுகளில் முதல் ஊசி கீமோவுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பு போடப்பட்டது. ஒரு வாரம் என்பது கீழ் எல்லை. பத்து நாள், இரண்டு வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது தவறு கணக்கு. ஏசி 21 நாளுக்கு ஒருமுறை வரும், ஊசி 28 நாளுக்கு ஒருமுறை. இரண்டும் ஒத்துப்போகாது. "ஒவ்வொரு சுற்றோடும்" என்று எழுதினால் ஏசி வரை தேவைக்கு அதிகமாகப் போகும். வாராந்திர பேக்ளிடாக்ஸல் தொடங்கியதும் எது சுற்று என்று யாருக்கும் தெரியாமல் ஊசியே விட்டுப்போகும். ஊசிக்குத் தனியாக ஒரு காலண்டர் வையுங்கள். கீமோ தொடங்கும் வாரத்தை 0 என்று வைத்துக்கொண்டால், ஊசி ஒரு வாரம் முன்பு, பிறகு 3, 7, 11, 15, 19, 23-ஆம் வாரங்களில். மொத்தம் ஏழு. கடைசி பேக்ளிடாக்ஸல் 23-ஆம் வாரத்தில் வருவதால் ஏழாவது ஊசி அதையும் மூடிவிடும். டோஸ் டென்ஸ் முறையில், அதாவது ஏசி 14 நாளுக்கு ஒருமுறை என்றால், ஆறு ஊசி போதும்.

வெள்ளணு குறைந்து கீமோ ஒரு வாரம் தள்ளிப்போகும்போது ஊசியையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள். அது கூடாது. கீமோ தள்ளினாலும் ஊசி தன் 28-ஆம் நாளில் போக வேண்டும். இளம் வயதில் சினைப்பை சீக்கிரம் விழித்துக்கொள்ளும். தாமதமானால் நடுவில் ஈஸ்ட்ரோஜன் ஏறிவிடும்.

மூன்று மாத ஊசி வேண்டாம். சினைப்பைப் பாதுகாப்புக்குச் சான்று இருப்பது மாத ஊசிக்குத்தான்: கோசெரலின் 3.6, டிரிப்டோரெலின் 3.75. கோசெரலின் 10.8 புரோஸ்டேட் நோய்க்கென்று வந்தது.

பலன் எவ்வளவு என்று வீட்டார் கேட்டால் எண்ணாகவே சொல்லுங்கள். இவருடைய நிலைக்கு மிக நெருங்கியது 2015-இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்த பொயம்ஸ் ஆய்வு. ஹார்மோன் ரிசெப்டர் இல்லாத மார்பகப் புற்றுநோய் உள்ள 257 பெண்கள். இரண்டு ஆண்டு முடிவில் சினைப்பை செயலிழந்தவர்கள் கீமோ மட்டும் எடுத்தவர்களில் 22%, கோசெரலினும் சேர்ந்தவர்களில் 8%. அந்த முடிவுக்கு முழு விவரம் கிடைத்தது 135 பேரிடம்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இத்தாலியில் டிரிப்டோரெலின் வைத்துச் செய்து 2011-இல் வெளிவந்த ப்ராமிஸ் ஆய்வில் 25.9% எதிராக 8.9%. ஐந்து ஆய்வுகளின் 873 பேரை ஒன்றாக வைத்து 2018-இல் கணக்கிட்டபோது 30.9% எதிராக 14.1%. ஊசியால் நோய் திரும்புவது கூடவில்லை என்பதும் அதே கணக்கில் தெரிந்தது.

ஆக ஆபத்து ஏறத்தாழ பாதியாகிறது. பூஜ்யம் ஆவதில்லை. "ஊசி போட்டுவிட்டோம், இனிக் கவலை இல்லை" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

பதில் 2: கருத்தரிப்பு மையம், எம்பிரியாலஜி

சிஸ்டரின் மூன்றாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். ஊசி உறைய வைத்தலுக்கு மாற்று அல்ல. அமெரிக்க ஆன்காலஜி சங்கத்தின் 2018 வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: உறைய வைத்தல் போன்ற நிலைபெற்ற முறைகளின் இடத்தில் ஊசியை வைக்கக் கூடாது.

காரணம் இருக்கிறது. சைக்ளோபாஸ்பமைடு, பிறவியிலேயே சேமிப்பாக இருக்கும் உறங்கு முட்டைகளின் டி.என்.ஏ.வை நேரடியாக உடைக்கிறது. வளரும் ஃபாலிக்கிள்கள் (முட்டை வளரும் பைகள்) அழிவதால் சேமிப்பிலிருந்து அடுத்தவை வேகமாக இழுக்கப்பட்டுத் தீர்ந்துபோவதும் நடக்கிறது. சினைப்பையின் ரத்தக் குழாய்களும் பாதிக்கப்படுகின்றன. ஆனால் உறங்கு முட்டைகளுக்கு எஃப்.எஸ்.எச். ரிசெப்டரே கிடையாது. எஃப்.எஸ்.எச்.சை அடக்குவதால் அவை எப்படித் தப்புகின்றன என்பதில் இன்றுவரை வாதம் ஓயவில்லை. ஆய்வில் பலன் தெரிகிறது, வழிதான் முழுதாகப் பிடிபடவில்லை. உறைந்த முட்டை அப்படியல்ல, மருந்து தொட முடியாத இடத்தில், மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்கிறது.

இவருக்கு இரண்டையும் செய்யலாம். வரிசைதான் முக்கியம்: முட்டை முதலில், ஊசி பிறகு. மருந்தை மெதுவாக விடும் டிப்போ ஊசியான கோசெரலினை முதலில் போட்டுவிட்டால் அதன் பிறகு சினைப்பையைத் தூண்டி முட்டை எடுக்கும் திட்டமே கெட்டுவிடும்.

மாதவிலக்கு வரட்டும் என்று காத்திருப்பது பழைய வழக்கம். இப்போது ரேண்டம் ஸ்டார்ட், சுழற்சியின் எந்த நாளிலும் தொடங்கலாம். தினம் 150 முதல் 300 யூனிட் எஃப்.எஸ்.எச்., அதோடு லெட்ரசோல் 5 மி.கி. மாத்திரை. மார்பகப் புற்றுநோயில் தூண்டுதலின்போது ஈஸ்ட்ரோஜன் எகிறாமல் பிடிப்பது லெட்ரசோல்தான். டிரிபிள் நெகட்டிவ் என்றாலும் பெரும்பாலும் சேர்த்தே கொடுப்போம். முட்டை தானாக வெடிக்காமல் இருக்க செட்ரோரெலிக்ஸ் 0.25 மி.கி. பத்து முதல் பதினான்கு நாளில் ஃபாலிக்கிள்கள் தயாராகும். லெட்ரசோலோடு போகும்போது 18 மி.மீ.யில் அவசரப்படாமல் 19, 20 வரை விடுவது நல்லது. சீக்கிரம் எடுத்தால் முதிராத முட்டை நிறைய வரும்.

முட்டையை முதிரவைக்கும் கடைசி ஊசியான டிரிகருக்கு எச்.சி.ஜி. ஹார்மோன் வேண்டாம், டிரிப்டோரெலின் 0.2 மி.கி. போதும். எச்.சி.ஜி. போட்டுச் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் சேர்ந்துவிட்டால் கீமோ இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போகும். இந்தச் சூழலில் அது பெரிய நஷ்டம். டிரிகருக்கு 35 முதல் 36 மணி நேரம் கழித்து முட்டை எடுப்பு. எடுத்த பிறகும் ஈஸ்ட்ரடையால் 50-க்குக் கீழே வரும்வரை லெட்ரசோலைத் தொடர வேண்டும். இதை மறந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. புற்றுநோயும் தூண்டுதலும் சேரும்போது காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். கெமோபோர்ட் (கீமோ ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் குழாய்) போட்டவர் என்றால் இன்னும் கவனம். ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்ஸபாரின் ஊசி தேவையா என்று ஆன்கோ டாக்டரோடு முன்பே பேசிவிடுங்கள்.

நாள் கணக்கு: தூண்டுதல் 12 நாள், எடுப்பு இரண்டு நாளில், எடுத்த அன்றோ மறுநாளோ கோசெரலின், அதிலிருந்து ஒரு வாரம் கழித்துக் கீமோ. சுமார் மூன்று வாரம். அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள்தான் ஆகிறது, கீமோ வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரத்தில் தொடங்கும். இன்றோ நாளையோ போனால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் முடிக்கலாம். அடுத்த வாரம் போனால் இழுபறி.

சட்டமும் ஒரு வரி: 2021 ஏ.ஆர்.டி. (செயற்கைக் கருத்தரிப்பு) சட்டப்படி 21 முதல் 50 வயதுப் பெண்களுக்குத்தான் இந்தச் சிகிச்சை. சேமிப்பு பத்து ஆண்டு வரை. கரு உறைய வைத்தால் கணவன் மனைவி இருவர் சம்மதமும் வேண்டும். நாளை எது நடந்தாலும் முடிவு அவர் கையில் இருக்க, சில முட்டைகளையாவது முட்டையாகவே வைக்கச் சொல்லுவேன்.

பதில் 3: ஆன்கோ டாக்டர்

மேடம் சொன்னதோடு ஒன்று. 31 வயதில் டிரிபிள் நெகட்டிவ் என்றால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றத்துக்கான பரிசோதனை கட்டாயம். பி.ஆர்.சி.ஏ. 1 மாற்றம் இருந்தால் 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பைகளையே எடுத்துவிடச் சொல்வோம். அப்போது சினைப்பையைக் காப்பாற்றிப் பயன்படுத்தக் கிடைக்கும் ஆண்டுகளே குறைவு. கீமோ முடிந்து நோய் திரும்புகிறதா என்று பார்க்க இரண்டு வருடம் போனால் 34 ஆகிவிடும். அவருக்கு உறைந்த முட்டைதான் உண்மையான சேமிப்பு. முடிவு வர மூன்று நான்கு வாரம் ஆகும் என்பதால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், முட்டை எடுப்பு நடக்கட்டும்.

ஹாட்ஜ்கின் பெண்ணைப் பற்றி. அங்கே கதை வேறு. ஏபிவிடி என்ற கீமோ கூட்டு தருகிறார்கள் என்றால் சினைப்பைக்கு அதன் ஆபத்தே குறைவு, அதில் சைக்ளோபாஸ்பமைடு இல்லை. எஸ்கலேட்டட் பீகாப் என்ற வீரியமான கூட்டு என்றால் ஆபத்து அதிகம். லிம்ஃபோமாவில் டிரிப்டோரெலின் வைத்து ஐரோப்பாவில் செய்த ஆய்வில் ஒரு வருட முடிவில் சினைப்பைச் செயலிழப்பு ஊசி போட்டவர்களில் 20%, போடாதவர்களில் 19%. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தும் பாதுகாப்பு தெரியவில்லை. மார்பகப் புற்றுநோயின் எண்களை அப்படியே லிம்ஃபோமாவுக்கு எடுத்துப் போகக் கூடாது. பிளேட்லெட் இறங்கும்போது அதிக உதிரப்போக்கு வராமல் தடுக்க ஊசி உதவும். அந்தக் காரணத்துக்காகப் போடுவது சரிதான், ஆனால் காரணத்தைக் குடும்பத்திடம் அப்படியே சொல்லிவிட வேண்டும்.

மஜ்ஜை மாற்றுக்கு முன் தரும் பியூசல்ஃபான், முழு உடல் கதிர்வீச்சு இவற்றின் முன்னால் ஊசி நிற்காது. இடுப்புக்குக் கதிர்வீச்சு என்றாலும் அப்படித்தான். ஹார்மோனை அடக்கினால் கதிர் நின்றுவிடாது. அங்கே சினைப்பையை லேப்ராஸ்கோப்பியில் கதிர் படும் இடத்திலிருந்து மேலே நகர்த்தித் தைப்பதே வழி.

பதில் 4: ஊசி அறை

இரண்டு டாக்டர்களும் தேதி சொல்லிவிட்டார்கள். தேதி சரியாக இருந்தும் மருந்து உள்ளே போகாமல் வீணாவது உண்டு. அதைச் சொல்கிறேன்.

கோசெரலின் தண்ணீர் மருந்து அல்ல. அரிசி மணி அளவில் ஒரு குச்சி, சிரிஞ்சுக்குள்ளேயே இருக்கும். பிரித்ததும் வெளிச்சத்தில் ஜன்னல் வழியே குச்சி தெரிகிறதா என்று பாருங்கள். காற்றுக் குமிழி தள்ளுகிறேன் என்று பிஸ்டனை அழுத்திவிடாதீர்கள், குச்சி வெளியே வந்துவிடும். ஊசி 16 கேஜ், ரத்த தான ஊசி மாதிரி தடிமன். வலிக்கும். லிக்னோகெய்ன் கிரீமை ஒரு மணி நேரம் முன்பே தடவி மூடி வைத்தால் ரொம்ப வித்தியாசம் தெரியும். ஐஸ் வைத்தாலும் ஓரளவு பரவாயில்லை.

இடம் தொப்புளுக்குக் கீழே, வயிற்றின் முன்பக்கம். தோலை நன்றாகக் கிள்ளித் தூக்கி, ஊசியின் வெட்டுமுகம் மேலே இருக்க, 30 முதல் 45 டிகிரி சாய்வில் கொழுப்புப் படலத்துக்குள். ஒல்லியாக இருப்பவரிடம் செங்குத்தாகக் குத்தினால் தசைக்குள் போய் அங்கே ஓடும் தமனியைத் தொட்டுவிடும். எனாக்ஸபாரின் எடுப்பவர், பிளேட்லெட் குறைந்தவர் என்றால் இரட்டிப்பு கவனம். போட்ட பிறகு பத்து நிமிடம் உட்கார வைத்து இடத்தைப் பாருங்கள். பிஸ்டனை முட்டும்வரை அழுத்த வேண்டும். முழுதும் அழுத்தினால்தான் குச்சி விடுபடும், பாதுகாப்பு உறையும் ஊசியின் மேல் நகரும். உறை நகரவில்லை என்றால் குச்சி உள்ளே போகவில்லை என்று சந்தேகப்படுங்கள். வெளியே எடுத்ததும் ஊசி நுனியைப் பாருங்கள்.

டிரிப்டோரெலின், லியூப்ரோலைடு டிப்போ என்றால் பொடியும் திரவமும். கலக்கியதும் பால் மாதிரி இருக்கும். இரண்டு நிமிடம் பேச்சுக் கொடுத்தால் பொடி அடியில் படிந்து ஊசியை அடைத்துவிடும். நோயாளி தயாராகப் படுத்த பிறகு கலக்குங்கள், கலக்கியதும் தசையில் போடுங்கள். குப்பியில் வெள்ளையாக ஒட்டியிருந்தால் அவ்வளவு டோஸ் குறைந்துவிட்டது என்று அர்த்தம், சீட்டில் எழுதி வையுங்கள். இது தசை ஊசி என்பதால் பிளேட்லெட் 50,000-க்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் போட வேண்டாம்.

முதல் ஊசிக்கு முன்பு கர்ப்பப் பரிசோதனை. அந்த ஊசி போட்ட இரண்டு மூன்று வாரத்துக்குள் ஒரு தடவை உதிரப்போக்கு வரலாம், முன்பே சொல்லிவிட்டால் பயப்படமாட்டார்கள். பீரியட்ஸ் நின்றதும் கர்ப்பம் தரிக்காது என்று நினைப்பார்கள். ஊசி கருத்தடை அல்ல. காண்டம் அல்லது காப்பர் டி. ஹார்மோன் மாத்திரை கூடாது.

கேள்வி: டேகேர் சிஸ்டர்

ரொம்ப நன்றி. தேதியை மாற்றச் சொல்லிப் பேசிவிட்டேன், நாளை மறுநாள் கருத்தரிப்பு மையத்துக்குப் போகிறார்கள். இன்னும் மூன்று. இந்த ஊசி போட்டவர்கள் உடம்பு கொதிக்கிறது என்று சொன்னால் என்ன கொடுப்பது? தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் சினைப்பைக்கு நல்லது என்று வீட்டில் வாங்கி வைத்திருக்கிறார்கள். முடிந்த பிறகு சினைப்பை பிழைத்ததா என்று எப்போது, எதைப் பார்ப்பது?

பதில் 5: ஆன்கோ டாக்டர்

உடம்புக் கொதிப்பு பெரும்பாலானவர்களுக்கு வரும். இரவில்தான் அதிகம். பருத்தி உடை, மின்விசிறி, இரவு காரமும் காப்பியும் குறைப்பு, இவை போதவில்லை என்றால் வென்லாஃபாக்சின் 37.5 மி.கி.யில் தொடங்கலாம். ஹார்மோன் பாசிட்டிவ் நோய்க்காக டமாக்சிஃபென் எடுக்கப் போகிறவருக்கு பராக்ஸெடினும் ஃப்ளூஆக்ஸெடினும் வேண்டாம், அவை டமாக்சிஃபெனைச் செயல்வடிவுக்கு மாற்றும் நொதியைத் தடுக்கும். உலர்வுக்கு ஹார்மோன் இல்லாத ஜெல். கால்சியம் உணவும் மாத்திரையுமாக ஒரு நாளைக்கு 1000 மி.கி., வைட்டமின் டி அளவு பார்த்துக் கொடுங்கள்.

லேகியத்தைக் கீமோ முடியும்வரை அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். கீமோவிலிருந்து சினைப்பையை அது காக்கும் என்பதற்கு மனிதர்களிடம் சான்று இல்லை. கல்லீரல் ஏற்கெனவே கீமோ மருந்துகளைச் சமாளித்துக்கொண்டிருக்கிறது, என்சைம் ஏறினால் எதனால் ஏறியது என்று கண்டுபிடிக்க முடியாமல் கீமோவை நிறுத்த நேரிடும். வாங்கிக் கொடுத்த அம்மாவிடம் கோபப்படாமல் இந்தக் காரணத்தைச் சொன்னால் கேட்பார்.

பரிசோதனைக்கு வருவோம். கீமோவுக்கு முன்பு ஒரு ஏ.எம்.எச். (முட்டைச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுத்து வையுங்கள். முட்டை எடுப்புக்கே அது தேவைப்படும், பிற்பாடு ஒப்பிடவும் உதவும். கீமோ நடுவில் எடுக்காதீர்கள். எல்லோருக்கும் தரையைத் தொட்டிருக்கும், தாளைப் பார்த்து அழுவதுதான் மிச்சம். கடைசி கீமோ முடிந்து ஒரு வருடம் போகட்டும். பீரியட்ஸ் சிலருக்கு ஆறு மாதத்தில், சிலருக்கு ஒரு வருடம் தாண்டியும் வரும். வராததால் சினைப்பை போய்விட்டது என்றும் இல்லை, வந்ததால் முட்டைச் சேமிப்பு பத்திரம் என்றும் இல்லை. ஊசி ஓடும்போது எடுக்கும் எஃப்.எஸ்.எச். எதையும் சொல்லாது, ஊசியே அதை அடக்கி வைத்திருக்கிறது.

டிரிபிள் நெகட்டிவில் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி (நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து) சேர்ப்பது இப்போது வழக்கமாகிவருகிறது. அதை எடுத்தவருக்குப் பீரியட்ஸ் வராமல், எஃப்.எஸ்.எச். ஏறாமல் தாழ்ந்தே இருந்தால், சினைப்பையைக் குற்றம் சொல்லாமல் பிட்யூட்டரியைப் பாருங்கள். இம்யூனோதெரபி சிலருக்குப் பிட்யூட்டரியை வீங்க வைக்கும். காலை கார்டிசாலும் தைராய்டும் உடனே எடுக்க வேண்டும். கார்டிசால் குறைவைக் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

பதில் 6: கருத்தரிப்பு மையம், எம்பிரியாலஜி

குழந்தைக்கு எப்போது முயலலாம் என்று அடுத்துக் கேட்பார்கள், அதனால் இப்போதே சொல்கிறேன். கீமோ முடிந்து குறைந்தது ஆறு மாதம், பலர் ஒரு வருடம் விடச் சொல்வார்கள். வளர்ந்துகொண்டிருந்த ஃபாலிக்கிள்களில் மருந்து பட்டிருக்கும், அவை கழிந்து புதியவை வர அவ்வளவு காலம் வேண்டும். டிரிபிள் நெகட்டிவில் நோய் திரும்புவது முதல் இரண்டு மூன்று ஆண்டில்தான் அதிகம் என்பதால் இரண்டு ஆண்டு காத்திருப்பது நடைமுறை. பெம்ப்ரோலிசுமாப் எடுத்திருந்தால் கடைசி டோஸிலிருந்து நான்கு மாதம் கருத்தடை கட்டாயம்.

ஹாட்ஜ்கின் பெண்ணுக்கு 22 வயது, சட்டத்தில் தடையில்லை. திருமணமாகாதவர் என்று முட்டை எடுப்பைக் குடும்பம் தயங்கினால், வயிற்று வழியாக ஸ்கேன் பார்த்து எடுக்கவும் முடியும் என்று சொல்லுங்கள், எல்லா மையத்திலும் செய்வதில்லை, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மார்பின் நடுவில் பெரிய கட்டி இருந்து மூச்சு வாங்கினால் மயக்க மருந்தே ஆபத்து, அப்போது கீமோ முதலில்.

பீகாப் என்று முடிவாகி இரண்டு வாரம்கூடக் கையில் இல்லை என்றால் சினைப்பைத் திசு உறைய வைத்தலைக் கேட்கலாம். லேப்ராஸ்கோப்பியில் ஒரு சினைப்பையின் புறணியை எடுத்து, ஒரு மி.மீ. தடிமனுள்ள பட்டைகளாகச் சீவி உறைய வைப்பது. தூண்டுதல் தேவையில்லை, இரண்டு மூன்று நாளில் முடியும், பருவமடையாத சிறுமிக்கும் இதுதான் வழி. 2004-இல் பெல்ஜியத்தில் இம்முறையில் முதல் குழந்தை பிறந்தது. 2019-இல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் இது இனிப் பரிசோதனை நிலைச் சிகிச்சை அல்ல என்று அறிவித்தது. திரும்பப் பொருத்தினால் நான்கைந்து மாதத்தில் ஹார்மோன் சுரக்கத் தொடங்கும். லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு மட்டும் இது பொருந்தாது. திசுவுக்குள் புற்றுச் செல்கள் ஒளிந்திருந்தால் அதையே திரும்ப உடம்பில் வைத்தது போலாகிவிடும்.

சிஸ்டர், மையத்துக்கு அனுப்பும்போது பயாப்சி ரிப்போர்ட், கீமோ திட்டத் தாள், ரத்த எண்ணிக்கை, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி முடிவுகள் கையோடு போகட்டும். ரத்தவழித் தொற்று முடிவு இல்லாமல் தொட்டியில் வைக்க முடியாது, அதற்காகவே இரண்டு நாள் வீணாகும்.